இறங்கிய இமையும் நூறு பக்க நோட்டும்

“இடி இடிச்சா பயப்படுவீங்களா?”

விழுப்புரத்தில் ஒரு மாடி வீட்டின் முன்னறை. எதிரே உட்கார்ந்திருந்த ஹோமியோபதி டாக்டர் இப்படித்தான் ஆரம்பித்தார். நான் காட்டப் போனது இடது கண் இமையை. கடை ஷட்டரைப் பாதி இழுத்துவிட்டது போல அது கண்ணின் நடுவில் வந்து நின்றிருந்தது. டாக்டர் அதை ஒரு முறை பார்த்தார். அதோடு சரி.

“பயம்லாம் இல்லீங்க” என்றேன்.

“நல்லா கேளுங்க டாக்டர்” என்றாள் பக்கத்தில் இருந்த என் மனைவி கஸ்தூரி. “வானம் கொஞ்சம் உறுமினா ஓடிப்போயி டிவி ஒயரைப் புடுங்கறது இவருதான்.”

டாக்டர் எழுதிக்கொண்டார்.

எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுப்பீர்கள், உப்பு பிடிக்குமா இனிப்பு பிடிக்குமா, யாராவது ஆறுதல் சொன்னால் அழுகை வருமா கோபம் வருமா என்று கேள்விகள் ஒரு மணி நேரம் நீண்டன. பெண் பார்க்கப் போன இடத்தில்கூட என்னை இவ்வளவு விசாரிக்கவில்லை. விசாரித்திருந்தால் கல்யாணமே நடந்திருக்காது என்பது கஸ்தூரியின் கருத்து.

“கனவு எந்த மாதிரி வரும்?”

“பஸ்ஸு ஓட்டற மாதிரிங்க.”

“அதுல பயம் இருக்குமா?”

“கோவம் இருக்குங்க. லீவு நாள்லயும் ஓட்டிக்கினு இருக்கனேன்னு.”

அதையும் எழுதிக்கொண்டார்.

போன வாரம் இந்தப் பத்தியில் ஹாரனைப் பற்றி எழுதியதற்கு, ‘உங்களைப் போன்றவர்கள் அடித்த ஹாரனில்தான் என் காது போனது’ என்று கூட்டேரிப்பட்டிலிருந்து ஒரு வாசகர் கடிதம் போட்டிருக்கிறார். அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, இந்த வாரம் காதை விட்டுக் கண்ணுக்கு வருகிறேன்.

தூங்கும் டிரைவர்

அப்போது நான் விழுப்புரம் – திண்டிவனம் தடத்தில் தனியார் பஸ் ஒன்றை ஓட்டிக்கொண்டிருந்தேன். கஸ்தூரிக்குத் திண்டிவனத்தில் ஒரு துணிக்கடையில் வேலை. காலையில் என் வண்டியில் போவாள், மாலையில் என் வண்டியிலேயே திரும்புவாள். இன்ஜினுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒற்றை சீட் அவளுக்கு. நாள் முழுக்க நின்றுகொண்டே சேலை விரித்துக் காட்டிய களைப்பில், வண்டி ஊர் எல்லையைத் தாண்டும் முன்பே தூங்கிவிடுவாள். பாட்டு, பிரேக், கண்டக்டர் விசில் எதற்கும் எழ மாட்டாள். விழுப்புரத்தில் நான் சாவியைத் திருப்பி இன்ஜினை நிறுத்தினால்தான் கண் திறப்பாள்.

இமை எப்போது இறங்க ஆரம்பித்தது என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. காலையில் நன்றாக இருக்கும். மதியத்துக்கு மேல் மெல்ல இறங்கும். மாலை டிரிப்பில் இடது கண் பாதிக்கு மேல் மூடியிருக்கும்.

டிரைவருக்கு இடது பக்கம்தானே முன் சீட் பயணிகள் இருப்பார்கள். அப்படி உட்கார்ந்து வந்த ஒரு இன்சூரன்ஸ் ஏஜென்ட், விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டியதும் என்னை மொபைலில் படம் பிடித்திருக்கிறார். ‘தூங்கும் டிரைவர், துடிக்கும் பயணிகள்’ என்ற தலைப்போடு அது இரண்டே நாளில் ஜில்லா முழுக்கச் சுற்றிவிட்டது. சும்மா சொல்லக் கூடாது, படம் தெளிவாகவே வந்திருந்தது. துடித்த பயணிகளைத்தான் காணோம். பின்னால் ஒருவர் மல்லாட்டைக் கடலை உரித்துத் தின்றுகொண்டிருந்தார். கஸ்தூரி தூங்கிக்கொண்டிருந்தாள்.

முதலாளி கூப்பிட்டு அனுப்பினார்.

“இத்தினி வருஷமா வண்டியில ஒரு கீறல் இல்லாம ஓட்டற. எனக்குத் தெரியும்பா. ஊருக்குத் தெரியணுமே? ஒரு மாசம் டைம் தர்றேன். கண்ணை நேர் பண்ணிக்கினு டாக்டர் சர்டிபிகேட்டோட வா. இல்லன்னா வேற ஆளை போட்டுக்கறேன், மனசுல வெச்சுக்காத.”

ஸ்டியரிங்கைத் தவிர எனக்கு வேறு எதுவும் தெரியாது. சைக்கிள் பஞ்சர்கூட ஒட்டத் தெரியாது. அந்த சீட்டிலிருந்து இறங்கிவிட்டால் நான் யாருமே இல்லை. அந்தப் பயத்தை யாரிடமும் காட்டிக்கொள்ளவில்லை.

கண் ஆஸ்பத்திரிக்குப் போனால் கத்தி வைப்பார்கள், கத்தி வைத்தால் மாதக்கணக்கில் வண்டியைத் தொட முடியாது என்று நானே முடிவு செய்துகொண்டேன். அந்த நேரம் பார்த்து, துணிக்கடை முதலாளியின் மச்சானுக்கு ஹோமியோபதியில் சிறுநீரகக் கல் கரைந்த கதையோடு வந்தாள் கஸ்தூரி. கத்தி கிடையாது, ஊசி கிடையாது, பக்க விளைவு கிடையாது என்றாள். உண்மைதான். நேர் விளைவும் கிடையாது என்பது போகப் போகத்தான் தெரிந்தது.

கடைசிக் கேள்வி

அந்த டாக்டரிடம் ஒரு வழக்கம். நூறு பக்க லாங் சைஸ் நோட்டு ஒன்றை நோயாளியே வாங்கிக்கொண்டு போக வேண்டும். டாக்டர் கேட்பது, நாம் சொல்வது எல்லாவற்றையும் அவர் அதில் இங்கிலீஷில் எழுதித் தருவார். அடுத்த முறை மறக்காமல் கொண்டுபோக வேண்டும். கஸ்தூரி அதற்குப் பிரவுன் அட்டை போட்டு, நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி வைத்தாள். உள்ளே இருந்த எழுத்தில் என் பெயரைக்கூட எங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை.

“இதைப் படிக்கணும்னா இன்னொரு டாக்டர்தான் வரணும்” என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள்.

அந்த முதல் நாள், ஒரு மணி நேரம் எழுதிய பிறகு டாக்டர் பேனாவை மூடப் போனார். பிறகு நினைவு வந்தவர்போல நிமிர்ந்தார்.

“ஒண்ணு விட்டுட்டேன். எதையாவது பார்த்தா ஒண்ணு ரெண்டா தெரியுதா?”

அதுவரை எனக்குப் பதிலாக எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருந்தவள் கஸ்தூரி. இதற்கு மட்டும் அவளுக்குப் பதில் தெரியாது. அவள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன்.

“இல்லீங்க” என்றேன்.

அது பொய். அதற்கு முந்தைய வாரம்தான் ஒரு மாலை விக்கிரவாண்டிக்கு அருகே எனக்கு முன்னால் இரண்டு லாரிகள் ஒட்டி ஒட்டிப் போவதைப் பார்த்தேன். இரண்டிலும் ஒரே வைக்கோல், ஒரே தார்ப்பாய். இரண்டுக்கும் ஒரே நம்பர். ஆர்.டி.ஓ. ஆபீஸில் என்னதான் தூங்கினாலும் ஒரே நம்பரை இரண்டு லாரிக்குக் கொடுக்க மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். சற்று நேரத்தில் இமை இன்னும் இறங்கிக் கண்ணை மூடியது. ஒரு லாரி காணாமல் போய்விட்டது. நானும் அதைக் காணாததுபோல இருந்துவிட்டேன்.

கற்பூரம் இல்லாத பஸ்

ஜவ்வரிசியைவிடச் சின்னதாக வெள்ளை உருண்டைகள். கையால் தொடக் கூடாது. மூடியில் கொட்டி அப்படியே நாக்கில் போட வேண்டும். அதை நாக்கில் போடுவது சுலபம். கூடவே வந்த தடைகள்தான் பேஜார். காபி கூடாது, பச்சை வெங்காயம் கூடாது, தலைவலித் தைலம் கூடாது, கற்பூர வாசனை கூடவே கூடாது. மருந்தின் சக்தி போய்விடுமாம்.

டிரைவர் வாழ்க்கையிலிருந்து காபியையும் தைலத்தையும் கற்பூரத்தையும் எடுத்துவிட்டால் மிச்சம் டீசல் வாடைதான். டீசல் பரவாயில்லையா என்று கஸ்தூரி கேட்டாள். டாக்டர் ஒரு தடித்த புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அதைப் பற்றி ஒன்றும் இல்லை என்றார்.

எங்கள் வண்டியில் காலை முதல் டிரிப்புக்கு முன்னால் சாமி படத்துக்குக் கற்பூரம் காட்டாமல் சாவி போட மாட்டோம். வழக்கமாக நான்தான் காட்டுவேன். இப்போது கண்டக்டர் செல்வம் காட்ட, நான் எதிர்ப் பக்கம் ஓடினேன். அங்கே காபிக் கடை. கற்பூரத்துக்குப் பயந்து அந்தப் பக்கம், காபிக்குப் பயந்து இந்தப் பக்கம் என்று ஒதுங்கி ஒதுங்கி, கடைசியில் கட்டணக் கழிப்பறை வாசலில் போய் நின்றேன். அந்த வாடைக்கும் தடை சொல்லியிருக்கவில்லை.

பக்கத்து ஊரான காணையிலிருந்து தினமும் வரும் கத்தரிக்காய் வியாபாரி ஒருவர் இதை மூன்று நாள் பார்த்துவிட்டு செல்வத்திடம் கேட்டார்.

“இன்னா கண்டக்டரே, டிரைவரு கட்சி மாறிட்டாரா?”

“அதெல்லாம் இல்ல. அவுரு மருந்துக்குக் கற்பூரம் ஆவாது.”

“சாமிக்கே ஆவாத மருந்தா?”

இரண்டாவது வாரம் இமை இன்னும் இறங்கியது. “நல்லது. உள்ள இருக்கறது வெளிய வருது” என்றார் டாக்டர். மூன்றாவது வாரம் ஒரு நாள் காலையில் கொஞ்சம் ஏறியிருந்தது. “பார்த்தீங்களா?” என்றார். பிறகு ஏறாமல் இறங்காமல் நின்றது. “மருந்து யோசிக்குது” என்றார். இமை ஏறினாலும் இறங்கினாலும் நின்றாலும் வெற்றி அவருக்குத்தான். தேர்தலில் நிற்க வேண்டிய மனிதர்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அவ்வளவு பொறுமையாக என் பேச்சைக் கேட்ட மனிதர் வேறு யாரும் இல்லை.

“சாயங்காலம் ஆனா இவரு பேச்சு மூக்கால வருது டாக்டர்” என்று கஸ்தூரி சொன்னாள். எழுதினார். “நல்லி எலும்பைக் கடிக்கறவரு, இப்ப பாதி சோத்துல தாடை வலிக்குதுன்னு எழுந்துடறாரு.” அதையும் எழுதினார். எந்த வேளையில், எத்தனை வாய்க்குப் பிறகு என்றெல்லாம் கேட்டு எழுதினார். எழுதி முடித்து அதே வெள்ளை உருண்டைகளைத் தந்தார்.

கரும்புச்சாறு கடையில்

நல்ல கத்திரி வெயில். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் வண்டியை நிறுத்திவிட்டு, செல்வமும் நானும் கரும்புச்சாறு கடைக்குப் போனோம். கண் எரிந்தது. கடைக்காரரிடம் ஒரு துண்டு ஐஸ் வாங்கிக் கைக்குட்டையில் சுற்றி இடது கண்ணில் வைத்துக்கொண்டு நின்றேன். இரண்டு நிமிஷம் இருக்கும்.

எடுத்தேன். செல்வம் கத்தினான்.

“அண்ணா! கண்ணு தொறந்துக்கிச்சுண்ணா!”

கடையில் ஒரு சின்னக் கண்ணாடி தொங்கியது. பார்த்தேன். இமை மேலே ஏறி, கண் முழுதாகத் திறந்திருந்தது. மரக்காணத்திலிருந்து மீன் கூடையோடு வந்திருந்த அம்மா ஒருத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கடைக்காரர் இதற்குத் தன் ஐஸ்தான் காரணம் என்றார். “ஐஸாவது! மூணு வாரமா சாப்பிடற மருந்துய்யா” என்று செல்வம் அவரோடு சண்டைக்குப் போனான்.

நான் கண்ணாடியை விட்டு நகரவில்லை. அதில் இரண்டு நான் இருந்தேன். பக்கத்தில் இரண்டு செல்வம்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. இமை மூடியிருந்தவரை ஒற்றைக் கண்ணால் ஒரு ரோடு தெரிந்தது. மதியத்துக்கு மேல் இமை திறந்தால் இரண்டு ரோடு. ஊரே சேர்ந்து தூக்கி நிறுத்தப் பார்த்த அந்த இமைதான் இத்தனை நாளும் வண்டியை நேராக ஓட்ட வைத்திருக்கிறது.

ஐந்து நிமிஷத்தில் இமை மறுபடி இறங்கியது. செல்வத்துக்கு வருத்தம். எனக்கு நிம்மதி. டிரிப்புக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி வண்டியில் ஏறினேன். அன்று மாலையும் ஓட்டினேன். அதற்கு மறுநாளும் ஓட்டினேன். இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. அன்றைக்கு எனக்கு வெட்கத்தைவிட சீட் பெரிதாக இருந்தது.

ஐஸ் விஷயத்தைக் கஸ்தூரி டாக்டரிடம் சொன்னாள். அவர் முகம் மாறிவிட்டது.

“ஐஸ் வெக்கவே கூடாதும்மா. மருந்தோட வேகத்தைக் கெடுத்துடும்.”

தடைப் பட்டியலில் கற்பூரத்துக்குக் கீழே ஐஸும் சேர்ந்தது.

மனப்பாடம்

முதலாளி கொடுத்த மாதம் முடியப் போனது. திண்டிவனத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை இலவசக் கண் பரிசோதனை முகாம் என்று துணிக்கடைக் கண்ணாடியில் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். அங்கே சர்டிபிகேட் வாங்கிவிடலாம் என்றாள் கஸ்தூரி. ஞாயிறு எனக்கு வார லீவு. மாற்று டிரைவர் ஓட்டும் எங்கள் வண்டியிலேயே போனோம்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. கண் பரிசோதனைக்குப் போகிறவன் எழுத்து அட்டையை மனப்பாடம் செய்யாமல் போக மாட்டான். முன்னால் போனவன் குறித்து வந்து பின்னால் போகிறவனுக்குச் சொல்லித் தருவான். என்னோடு ஓட்டிய ஒருவர் அட்டையைச் சுவரில் மாட்டும் முன்பே கடைசி வரியைக் கடகடவென்று ஒப்பித்து மாட்டிக்கொண்டார். என்னிடம் அந்த அவசரம் கிடையாது. வண்டி மறுபடி கிளம்பும் முன் செல்வம் பரிசோதனை நடந்த இடத்துக்குப் போய், எழுத்துகளைக் கையில் எழுதிக்கொண்டு வந்தான். சாப்பாட்டுக் கூடத்து பெஞ்சில் உட்கார்ந்து நேராகப் படித்தேன், தலைகீழாகப் படித்தேன். கந்த சஷ்டிக்குக்கூட அவ்வளவு சிரத்தையாக நான் படித்ததில்லை.

என் முறை வந்தது. சின்ன வயசு லேடி டாக்டர். அட்டை இருந்த பக்கமே அவர் திரும்பவில்லை. ஆள்காட்டி விரலை உயரத் தூக்கிப் பிடித்தார்.

“தலையை ஆட்டாம இதையே பாருங்க சார்.”

பார்த்தேன். ஒரு நிமிஷம் போவதற்குள் இடது இமை மெல்ல மெல்ல இறங்கி முழுக்க மூடிக்கொண்டது. டாக்டர் விரலை இறக்கிவிட்டு, கஸ்தூரியை வெளியே போய் கொஞ்சம் ஐஸ் வாங்கி வரச் சொன்னார். அதை ஒரு ரப்பர் கையுறையில் போட்டுக் கட்டி என் கண்ணில் வைத்தார். இரண்டு நிமிஷம் கழித்து எடுத்தார். கண் திறந்திருந்தது.

“இதை நாங்க ஜூஸ் கடையிலயே பண்ணிட்டோம்மா” என்றேன்.

“அப்புறம் ஏன் சார் அன்னைக்கே யார்கிட்டயும் காட்டல?”

“ஐஸ் வெக்கக் கூடாதுன்னு ஹோமியோ டாக்டர் சொல்லிட்டாருங்க.”

அவர் சிரிக்கவில்லை. இது கண்ணில் வந்த கோளாறே இல்லை, நரம்பு சொல்வதைத் தசை கேட்காமல் போகும் வியாதி என்றார். ஒரு பெயர் சொன்னார். இன்றுவரை என் வாயில் அது நுழையவில்லை. ஓய்வெடுத்தால் சரியாகும், வேலை செய்யச் செய்யச் சோர்ந்துபோகும். கவனிக்காமல் விட்டால் விழுங்குவதையும் மூச்சையும்கூடப் பிடிக்கும். நாளைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றார். “மெல்லும்போது, பேசும்போது ஏதாவது கஷ்டம் இருக்கா?”

கஸ்தூரி பையைத் திறந்து மஞ்சள் தடவிய நோட்டை எடுத்துக் கொடுத்தாள்.

முதல் பக்கம்

டாக்டர் பின்னாலிருந்து புரட்டினார். புரட்டப் புரட்ட அவர் முகத்தில் ஆச்சரியம்.

“யாரு எழுதினது இதை? எல்லாமே இருக்கே! சாயங்காலம் இறங்குது, பேச்சு மூக்கால வருது, மெல்லும்போது தாடை வலிக்குது... இவ்ளோ நேரம் உக்காந்து நாங்க யாரையும் கேக்கறதில்லம்மா.”

கேட்டு எழுதியவருக்கு அது என்னவென்று தெரியவில்லை. தெரிந்தவர்களுக்குக் கேட்க நேரமில்லை. நடுவில் நான் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

முதல் பக்கத்துக்கு வந்தவர் அங்கேயே நின்றுவிட்டார்.

“ஒண்ணு ரெண்டா தெரியுதான்னு கேட்டிருக்காரு. இல்லைன்னு சொல்லியிருக்கீங்க.”

“ஆமாங்க.”

“அதுக்குக் கீழயே ஒரு வரி எழுதியிருக்காரு. ‘பதில் சொல்வதற்கு முன் மனைவியைப் பார்த்தார்.’”

மண்டபத்தில் யாரோ மைக்கில் டோக்கன் நம்பர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த மனிதர் அன்றைக்கே கண்டுபிடித்துவிட்டார். என் வியாதியை விட்டுவிட்டு என் பொய்யைக் கண்டுபிடித்திருக்கிறார்.

“இப்ப என்னைப் பார்த்துச் சொல்லுங்க சார். ரெண்டா தெரியுதா?”

“தெரியுதும்மா” என்றேன்.

கஸ்தூரி கொஞ்ச நேரம் பையின் ஜிப்பை இழுத்து மூடுவதும் திறப்பதுமாக இருந்தாள்.

“ரோடுகூடவா?” என்றாள்.

தலையாட்டினேன்.

“ரெண்டு ரோடு தெரிஞ்சுதுன்னா, நீங்க எதுல ஓட்டினீங்க?”

“இடது பக்கம் இருந்ததுல.”

சட்டப்படி சரியான பதில். வேறு ஒரு நாளாக இருந்தால் அவள் சிரித்திருப்பாள்.

“நீங்க ஓட்டறீங்கன்னுதானேங்க நான் தூங்கிக்கினு வந்தேன்” என்றாள்.

மண்டபத்து வாசலுக்கு வந்து முதலாளிக்கு போன் போட்டேன். “வேற ஆளைப் போட்டுக்குங்க முதலாளி” என்றேன். கண் சரியாகவில்லையா என்று கேட்டார். கண் கொஞ்சம்கூடப் பொய் சொல்லவில்லை முதலாளி, நான்தான் சொன்னேன் என்று வாய்வரை வந்தது. சொல்லாமல் போனை வைத்தேன்.

பெரிய ஆஸ்பத்திரி மாத்திரையில் இப்போது இமை மேலே நிற்கிறது. பெரும்பாலான நாட்களில் உலகமும் ஒன்றாகவே தெரிகிறது. விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் வண்டிகளுக்கு நேரம் பார்த்து அனுப்பும் வேலை செய்கிறேன். ஸ்டியரிங்கை அதற்குப் பிறகு நான் தொடவில்லை.

முகாம் நடந்த அன்று மாலை எங்கள் வண்டியிலேயே திரும்பினோம். செல்வம் காபி வாங்கி வந்து கொடுத்தான். ஒரு மாதம் கழித்துக் குடித்த முதல் காபி, ருசியே தெரியவில்லை. கஸ்தூரி தன் ஒற்றை சீட்டுக்குப் போகவில்லை. பின்னால் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, முன் சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கூட்டேரிப்பட்டு போனது, விக்கிரவாண்டி போனது. மாற்று டிரைவர் நிதானமாகத்தான் ஓட்டினார். விழுப்புரத்தில் இன்ஜின் நிற்கும்வரை அவள் கண் மூடவே இல்லை.